ராகி மணியளவு ஒரு பல்

வெள்ளைக்காரர்கள் எஸ்டேட் நடத்திக்கொண்டிருந்த காலம். ஏற்காட்டிலிருந்து தலைச்சோலை போகிற வழியில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் உதவி ரைட்டராக இருந்தேன். பின்னாளில் பத்திரிகை ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். எத்தனையோ சம்பவங்களைப் பற்றி எழுதினேன். இதை மட்டும் எழுதியதில்லை.

அது பங்குனி மாதம். பூ மழை பெய்து எட்டு நாள் ஆகியிருந்தது. மலைச்சரிவு முழுக்கக் காப்பி பூத்து, இலை தெரியாமல் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வாசனையும் மூடுபனியும் சேர்ந்தால் எதிரே வருகிற ஆள்கூடக் கனவில் வருகிறவர் மாதிரித்தான் தெரிவார். அப்படித்தான் அந்த அமெரிக்கரும் வந்தார். உயரமான மனிதர், அறுபது வயதிருக்கும். தொப்பி வெயிலில் வெளுத்திருந்தது. அவருக்குப் பின்னால் லாரியில் ஏழு சாக்கு மூட்டைகள்.

எங்கள் துரைக்கு அவர் நண்பர். அமெரிக்காவில் ஒரு பெரிய மியூசியத்தின் தலைவர். மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் வாழ்ந்த மிருகங்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்துப் பேர் வாங்கியவர். சாக்குகளில் அப்படிப்பட்ட எலும்பு இருக்கும் என்று நான் நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் வெறும் பொடிக்கல். அரியலூர்ப் பக்கத்து ஓடைகளிலிருந்து அள்ளிக் கழுவிச் சலித்தது. கீழே வெயில் தாங்காமல், பொறுக்கிப் பார்ப்பதற்காக மலைக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் தேடியது தென்னை உயரத்து மிருகத்தை அல்ல. அந்த மிருகங்களின் காலடியில் எலி போல ஓடித் திரிந்த ஒரு சின்னப் பிராணியை. அதில் மிஞ்சியிருக்கக்கூடியது பல் மட்டும்தான், அதுவும் ராகி மணியளவு. பத்து நாளில் அவருக்குக் கப்பல்.

அறுவடைக் கொட்டையைத் தரம் பிரித்து முடித்திருந்த எட்டுப் பெண்களைத் துரை அவருக்கு ஒதுக்கினார். மொழிபெயர்க்க என்னைக் கொட்டை பிரிக்கும் கொட்டகைக்கு அனுப்பினார். பெண்களில் முப்பது வயதுள்ள ஒருவர்தான் கைவேகத்தில் முதல். வாய்வேகத்திலும் அவர்தான்.

"ஏனுங்க ரைட்டரு, இத்தன நாளா காப்பிக்கொட்டையில கல்லப் பொறுக்குனோம். இப்பக் கல்லுல கல்லப் பொறுக்கோணுங்களா?"

"கல் இல்லை அம்மணி, பல். எலிப்பல் மாதிரி."

"எலிப்பல்லுக்கா கப்பலேறி வந்தாரு? எங்க ஊட்டுக்கு வரச் சொல்லுங்க. முழு எலியாவே புடிச்சுத் தாரேன்."

நான் மொழிபெயர்த்தேன். அமெரிக்கர் சிரித்துவிட்டு, நாற்காலியைத் தள்ளி வைத்து அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. எந்தத் துரையும் அந்தக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் காதில் கேட்பது சத்தம்தான். எட்டு முறத்தில் பொடிக்கல் உருளும் சத்தம், தூரத்தில் மழை வருவது போல. பனி வாசல் வழியாக உள்ளே வந்து முறங்களுக்கு மேல் நிற்கும். அந்தக் கல்லெல்லாம் ஒரு காலத்தில் கடலோரம் கிடந்தவை என்று அவர் சொல்லியிருந்தார். மலை உச்சியில் உட்கார்ந்து எட்டுப் பெண்கள் கடற்கரையைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலைக்கு நடுவே அவர்கள் கேட்கக் கேட்க அவர் தன் கதையைச் சொன்னார். சோளம் விளைகிற சமவெளியில் விவசாயி மகன். ஏர் ஓட்டும்போது ஒரு கல்லில் மீன் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து ஏரில் மனம் போகவில்லை. இளவயதில் குதிரை வண்டியில் எலும்பு ஏற்றிக்கொண்டு பாலைவனங்களில் அலைந்தார். பிறகு மியூசியத்துக்குத் தலைவரானார். அதன் பிறகு கையெழுத்து, கூட்டம், விருந்து. கல்லைக் கையால் தொட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது என்றார். இந்தச் சாக்குகளை மட்டும் வேறு யாரிடமும் விடாமல் தானே ஓடையில் இறங்கி அள்ளினாராம்.

"இது கெடைக்காட்டி?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"மறுபடி நாற்காலிக்குத்தான் போக வேண்டும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது கை முறத்தில் நின்றுவிட்டது.

ஆறு சாக்கு முடிந்தது. மீன் பல்லும் சிப்பித் துண்டும்தான் கிடைத்தன. அவர் புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஏழாவது சாக்கின் அடிப்பகுதியில், மதியத்துக்கு மேல், அதே பெண் எச்சில் தொட்ட விரல் நுனியில் எதையோ ஒற்றி எடுத்தார். அமெரிக்கர் லென்ஸை வைத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தார். நானும் பார்த்தேன். பல்லின் மேல் கறுத்த, பளபளப்பான மூன்று முட்டுகள். சேலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியுமே, அப்படியே இருந்தது.

ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதில் பல்லை வைத்தார். என் கையெழுத்து அவருக்குப் பிடிக்கும். சீட்டு எழுதி ஒட்டிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, துரையோடு டீ குடிக்கப் பங்களாவுக்குப் போனார்.

நான் செய்தது இதுதான். லென்ஸ் இல்லாமல் என் கண்ணால் ஒரு முறை பார்க்க ஆசைப்பட்டேன். கொட்டகை வாசலில் வெளிச்சத்தில் நின்று, தீப்பெட்டியைத் திறந்து, பல்லை உள்ளங்கையில் எடுத்து வைத்தேன். கோடி வருடம் என் கையில் இருக்கிறது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் ஒரு காற்று, காப்பிப் பூக்களை வாரிக்கொண்டு வந்தது. கண்ணை மூடித் திறந்தேன். கையில் ஒரு வெள்ளை இதழ் இருந்தது. பல் இல்லை.

தரை முழுக்க ஏழு சாக்குக் கல்லின் தூசியும் காப்பி உமியும். மண்டியிட்டுத் தேடினேன். பிறகு அதைவிடப் பெரிய தப்பைச் செய்தேன். கழித்துப்போட்ட குவியலில் அதே நிறத்தில் ஒரு மீன்பல் துண்டை எடுத்துப் பஞ்சில் வைத்து, அழகாகச் சீட்டெழுதிப் பங்களாவில் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

கொட்டகையைப் பூட்டத் திரும்பி வந்தபோது அந்தப் பெண் மட்டும் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மாத்தி வெச்சுப்புட்டீங்க. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்தேன்.

"ஒரு கொட்டையப் பாத்தா எந்தக் காட்டுக் கொட்டைனு சொல்லுவேன். அந்த மனுசன் கல்லோடவே பொறந்தவரு. அவருக்குத் தெரியாதுங்களா?" எழுந்து சேலையை உதறாமல் மெதுவாக வாசலுக்கு வந்தார். சேலையிலும் பல் ஒட்டியிருக்கலாம் என்று நினைத்திருக்கிறார். "கதவச் சாத்துங்க. ஒரு தூசி வெளிய போவக்கூடாது. காத்தால நாங்க வந்து பொடைக்கறோம். நீங்க போயி அவருகிட்டச் சொல்லீருங்க."

"கிடைத்த பிறகு சொல்கிறேனே?"

"கெடைக்காட்டி?" என்றார். அமெரிக்கரிடம் கேட்ட அதே கேள்வி.

விடிந்ததும் பங்களாவுக்குப் போனேன். அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் தீப்பெட்டி திறந்திருந்தது, பக்கத்தில் லென்ஸ். முகம் ஒரே நாளில் வயதாகியிருந்தது. தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்பது நிச்சயம். அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது?"

மேற்கிலிருந்து என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கொட்டகைத் தரையில் சாக்பீஸால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். பெண்கள் ஒவ்வொரு கட்டமாகக் கூட்டி முறத்தில் அள்ளினார்கள். ராகி புடைப்பது போல ஒரு தட்டு, ஒரு சுழற்று. உமி பறந்தது, கல் நின்றது. அமெரிக்கர் பேச ஆரம்பித்தார். தன் மியூசியத்தின் பெரிய மண்டபத்தில், தான் நிறுத்திய மிகப் பெரிய எலும்புக்கூட்டுக்கு வேறொரு மிருகத்தின் வாலை மாட்டிவிட்டதாகச் சொன்னார். இரண்டாம் வருடமே தெரிந்துவிட்டதாம். அதற்குள் தலைவராகிவிட்டதால் வெளியில் சொல்லவில்லை. பல வருடம் ஊரே அந்த வாலைப் பார்த்துப் போனது.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது.

"வாலையே மாத்தி வெச்சவருங்களா! அப்ப நம்ம ரைட்டரு நொம்ப நல்லவருங்க. பல்லோட நிறுத்திப்புட்டாரு" என்றார் அந்தப் பெண்.

சிரிப்பு அடங்கிய பிறகும் பல் கிடைக்கவில்லை. வெயில் ஏறிப் பனி விலகியது, மாலையில் மறுபடி பனி இறங்கியது. கடைசியாகக் கிழக்குச் சுவரோரம், சாக்குகள் அடுக்கியிருந்த கட்டம். அந்தப் பெண் கூவவில்லை. ஒரு விரலை நீட்டி, மறு கையைக் காற்றுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு, விளக்கு கொண்டுவருகிற மாதிரி நடந்து வந்தார்.

"அதே பல்லுதானுங்க. நடு முட்டுல கீறல் இருக்குது பாருங்க."

லென்ஸில் பார்த்தவர் தலையாட்டினார். லென்ஸைக் கீழே வைக்க அவருக்கு மனமில்லை.

புதுச் சீட்டு எழுதச் சொன்னார். இடம், மாதம், கண்டெடுத்தவர் பெயர். அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார்.

"எம் பேரு கப்பல்ல போவுதுங்களா? நான் சேலத்துக்கே ரெண்டு வாட்டிதான் போயிருக்கேன்!"

எழுதி முடித்த பிறகு, யாரும் சொல்லாமலேயே அடியில் இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்தேன்: இது ஒரு நாள் தொலைந்திருந்தது, தொலைத்தது இந்தச் சீட்டை எழுதியவன். கீழே என் பெயர். அவர் படித்தார். அந்த வரியை அடித்துவிடவில்லை. மை காய ஊதி, மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பல் மண்டபத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது, சீட்டு அப்படியே பக்கத்தில் இருக்கிறது, வாலையும் மாற்றிவிட்டேன் என்று எழுதியிருந்தார். அதை அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டியபோது, "பாவம், இத்தன நாளா வேறொண்ணோட வாலத் தூக்கிட்டு நின்னுருக்குது" என்றார்.

பத்திரிகையில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகள் மறுநாளே பொட்டலம் கட்டப் போய்விட்டன. ஏதோ ஒரு கடலுக்கு அப்பால், ராகி மணியளவு ஒரு பல்லுக்குப் பக்கத்தில், அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே என் தவறு என் கையெழுத்திலேயே இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம், நான் எழுதியதில் நிலைத்தது அந்த ஒரு வரிதான் என்று தோன்றுகிறது, அதில் எனக்கு வருத்தம் இல்லை.