ஐஸ் பெட்டிக்குள் ஒரு கைபேசி

இக்குறிப்பை நான் எழுதியே ஆக வேண்டும். தவறு என்னுடையது, அதன் பலனை அனுபவித்தவரோ என் மைத்துனர்.

சில மாதங்களுக்கு முன் இப்பத்திரிகையின் இதே பத்தியில், கைபேசிக்கு வெப்பம் ஆகாது, வெயிலில் தொழில் செய்வோர் அதனைக் குளிரான இடத்தில் பேணுதல் நன்று என்று எழுதியிருந்தேன். பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் எழுதினால் நம்பமாட்டார்களா? நம்பினார்கள். என் மனைவியின் தம்பி கலீல், கல்முனைக்குடிக் கரையிலிருந்து சிறு படகில் மீன்பிடிக்கச் செல்பவர். அன்று முதல் கைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி, மீனுக்கான ஐஸ் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார். "மச்சான் பேப்பர்ல போட்டிரிக்கார்" என்று ஏனைய படகுக்காரருக்கும் சொல்லி வைத்தார்.

கடந்த வாரம், நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தேன். அவரிடமிருந்து அழைப்பு.

"மச்சான், எஞ்சின் நிண்டு போச்சு. கச்சான் தள்ளுது. கரை மங்கலாத்தான் தெரியுது."

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, ஓடாத படகை ஆழ்கடலுக்கே தள்ளும். இன்னும் சற்றுத் தொலைவு போனால் இந்தத் தொலைபேசித் தொடர்பும் அறுந்துவிடும்.

"வேற படகுக்காரனுக்குச் சொன்னியா?"

"ஓம், ஒருத்தன் வாறான். லொக்கேஷன் அனுப்பச் சொல்றான். ஒருக்கா சாய்ந்தமருதுல பள்ளிவாசல்கிட்ட நிக்கிறன் எண்டு காட்டுது. மறுகா ஒண்டுமே இல்ல, தேடிக்கிட்டே இரிக்கி. நான் என்ன, பள்ளி ஹவுள் தண்ணித் தொட்டிக்குள்ளயா மிதக்கிறன்?"

"போன் எங்க இருந்திச்சி?"

"எங்க இரிக்கும்? ஒங்கட ஐஸ் பெட்டிக்குள்ளதான்! இப்பதான் எடுத்தன், வேர்த்துக் கொட்டுது. வெயில்ல சுடவும் தொடங்கிட்டு. திரும்ப உள்ளுக்கு வெக்கட்டா?"

முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு ஒன்றேனும் உதவிக்கு வந்ததா? இல்லை. வந்தது, கலீல் 'ராத்தா' என்றழைத்த அக்காவின், மறைந்துபோன என் மனைவியின் குரல்.

எங்கள் மணவாழ்வின் தொடக்கத்தில் வீட்டில் ஒரு வால்வு வானொலி இருந்தது. நோன்பு காலத்தில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின்னரே அதனை இயக்கிவிடுவார். நோன்பு திறக்கும் பாங்கு பிசகாமல் கேட்க வேண்டுமே! இயக்கிய ஒரு நிமிடத்தில் நிலையம் தெளிவாக ஒலிக்கும். பெட்டி சூடேறச் சூடேற மெல்ல நழுவும். நானோ பொறுமையின்றிக் குமிழைத் திருகுவேன். "கொஞ்சம் பொறுங்களன்... அது சூடாகி ஒரு நிலைக்கு வரட்டும். இப்ப திருப்பினா மறுகாவும் திருப்பணும்" என்பார். அவர் பௌதிகம் படித்தவரல்லர். ஆயினும் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நழுவும் என்பது அவரது விரல்களுக்குத் தெரியும். அந்திவேளை மஃரிபுக்குச் சற்று முன் ஒரேயொரு முறை திருப்புவார் — பாங்கு தெளிவாக ஒலிக்கும். பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்துவார். அந்த ஒலியும் அந்த மாலைகளும்... எத்தனை வானொலிகள் பின்னர் வாங்கினோம்! எதிலும் அந்தப் பாங்கு மீண்டும் கேட்கவில்லை.

"கலீல், உள்ளுக்கு வெக்காத. வெயில்லயும் புடிக்காத. ஈரத்தத் துடைச்சி, உன்ட நெழல்ல, மேல வானம் தெரியிற மாதிரி வெச்சிட்டுச் சும்மா இரு."

"சும்மாவா? காத்து தள்ளுது மச்சான்!"

"ரேடியோ சூடாகுறதுக்கு முதல் ராத்தா உன்னத் தொட உட்டாவா?"



"எங்க உட்டா? கையிலயே போடுவா" என்றார். தொடர்பு நின்றது.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். தாயை இழந்த அந்தத் தம்பியைத் தன் மடியில் வைத்து வளர்த்தவர் என் மனைவி. அவனை — என் நினைவில் அவர் இன்னும் 'அவன்' தான் — என் எழுத்தை நம்பியதற்காகக் கடலிடம் கொடுத்துவிடுவேனோ?

ஏறக்குறையக் கால் மணி நேரம். பின்னர் என் கைபேசியில் ஒரு நீலப் புள்ளி வந்து விழுந்தது. சுற்றிலும் கடல், பள்ளிவாசல் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்! அதே புள்ளி மற்றப் படகுக்கும் சென்றிருந்தது. அஸருக்குள் கட்டியிழுத்துக் கரை சேர்த்தார்கள்.

மறுநாள், கல்முனையில் கைபேசி திருத்தும் கடை நடத்தும் பர்ஹானாவிடம் விளக்கம் கேட்டேன். என் பழைய மாணவி. ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் பொட்டளவினும் சிறிய குவார்ட்ஸ் பளிங்கு ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கிறதாம். அந்தத் தாளத்தைக் கொண்டே வானில் சுற்றும் செய்மதிகளின் மெல்லிய சமிக்ஞையைக் கைபேசி தேடிப் பிடித்து இருப்பிடத்தை அறிகிறது. வெப்பநிலை மாறினால் தாளம் சற்றே பிசகும். எந்த வெப்பநிலையில் எவ்வளவு பிசகும் என்ற அட்டவணையும் உள்ளேயே உண்டு. பளிங்கின் அருகிலுள்ள நுண்ணிய வெப்பமானி சொல்வதைக் கேட்டுக் கைபேசி தானே திருத்திக்கொள்கிறது.

"அப்படியாயின் ஏன் தவறியது?"

"ஐஸுக்குள்ள இருந்து வெயிலுக்கு எடுத்தா, வெப்பமானி சொல்ற சூடு வேற, பளிங்குட சூடு வேற சேர். ரெண்டும் ஒரு நிலைக்கு வரும் வரைக்கும் திருத்தமும் பிழைக்கும். செய்மதி புடிபடாட்டி, பக்கத்துப் போன் கோபுரத்த வெச்சி ஒரு குத்துமதிப்பு காட்டும். ஈரமும் கெடுத்திரிக்கலாம், உறுதியாச் சொல்ல ஏலா." பிறகு, "ஐஸ் பெட்டிக்குள்ள போன வெக்கச் சொன்ன மடையன் ஆரு சேர்?" என்றாள்.

"பத்திரிகையில் யாரோ எழுதியிருந்தாராம்" என்றேன்.

கலீலிடம் மட்டும் ஒளிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இனி எழுதுறதுக்கு முதல் ஒருக்காப் படகுல வாங்க மச்சான். வெயிலையும் பார்த்துட்டு எழுதலாம்."

ஆகவே, படகுக்காரச் சகோதரர்களே, கைபேசியை ஐஸில் வைக்காதீர்கள்; நீர் புகாத உறையில், நிழலில் வையுங்கள். இவ்விளக்கத்தில் பிழையிருப்பின், அறிந்தோர் தயங்காது திருத்துங்கள். ஆனால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு சுணங்க வேண்டாம் — முதலில் கடற்கரைக்குப் போய்ப் படகுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு எனக்கு எழுதலாம்.