புதுக் குஷனில் விழுந்த பள்ளம்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நடந்தது எனக்கு. என் வீட்டு மாடி அறையில். அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், கீழே என் வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்ஃபோன்களை வசதி பண்ணிக் கொடுக்கிறேன். உடைந்ததை ஒட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் வரும் ஹெட்ஃபோன்கள் நன்றாகவே பாடும். ஆனால் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார முடியாது. காது வேகும், தாடை வலிக்கும், உச்சந்தலை கடுக்கும். நான் குஷனை மாற்றுவேன். தலைக்கு மேல் வரும் பட்டையை வளைத்து அழுத்தத்தைக் குறைப்பேன். சத்தம் சோகையாக இருந்தால் அதற்குத் தோதான ஆம்ப்ளிஃபையரைப் பார்த்து மாட்டிக் கொடுப்பேன். வெறும் குஷன் மாறினாலே கேட்கிற பாட்டு மாறிவிடும். முதலில் யாரும் நம்புவதில்லை. போட்டுப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் சீழ் வைத்து மொத்தமாகப் போய்விட்டது. பக்கத்தில் லாரி டயர் வெடித்தாலும் அந்தக் காதுக்குத் தெரியாது. வலது காது ஒன்றுதான் எனக்குச் சோறு போடுகிறது. இடது பக்கத்துச் சத்தத்தைச் சோதிக்க வேண்டுமானால் ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிக்கொள்வேன். இடது காதை மூடுகிற கிண்ணம் வலது காதுக்கு வந்துவிடும். அவ்வளவுதான் வித்தை.

“ஒத்தக் காத வெச்சுக்கிட்டு ஊர்க் காதுக்கெல்லாம் வைத்தியமா?” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஆனால் தெருவில் துளை போடும் மெஷின் ஓடினால் ஓடிவந்து என் காதைப் பொத்துகிற ஆளும் அவர்தான். அதுவும் போனால் நான் என்ன ஆவேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டுடியோக்காரர் வந்தார். டப்பிங் ஸ்டுடியோ வைத்திருப்பவர். கஞ்சி போட்ட சட்டை, கனத்த குரல், எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு. மேஜைமேல் ஒரு பழைய ஹெட்ஃபோனை வைத்தார்.

“நல்ல செட்டும்மா. ஆனா பத்து நிமிஷம் போட முடியல. புடிச்சு அமுக்கற மாதிரி இருக்கு. குஷன மாத்தி லூசு பண்ணிக் குடுங்க. சவுண்டும் ஒல்லியா இருக்கு. ஒரு ஆம்ப் பாருங்க.”

“வேற யாராவது இதப் போட்டிருக்காங்களா?”

“நான் மட்டுந்தாம்மா.”

எல்லாரையும் அளப்பதுபோல் அவர் தலையையும் அளந்தேன். ஹெட்ஃபோனை மாட்டச் சொல்லி, காதுக்குக் காது, இரண்டு கிண்ணங்களையும் சேர்த்து. பெரிய தலை. அளவுகோல் போதாமல் டேப் எடுக்க வேண்டியிருந்தது. அவர் போனதும் பழைய குஷனைக் கழற்றினேன். தோல் கறுப்புச் செதில்களாகக் கொட்டியது. உள்ளே இருந்த ஃபோமைத் தடவிப் பார்த்தபோது விரல் ஓரிடத்தில் நின்றது. காதுமடலின் கீழ் நுனி வரும் இடத்தில், இரண்டு பக்கமும், மிளகளவு ஒரு பள்ளம்.

அது தோடு அழுத்திய பள்ளம். மாதக்கணக்கில் தினமும் மாட்டினால்தான் அப்படி விழும். ஸ்டுடியோக்காரர் காதில் தோடு கிடையாது. சரி, பெண்டாட்டி போட்டிருப்பாள், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே புதுக் குஷன் மாட்டினேன். மெல்லிய ஆட்டுத்தோல், உள்ளே மெமரி ஃபோம். அதைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் மேலே புரியும். அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் அது உடனே எழும்பாது. மெல்ல மெல்ல எழும்பிப் பழையபடி ஆகும். நாலைந்து விநாடி ஆகும், அதற்குமேல் ஆகாது. பட்டையையும் நன்றாகத் தளர்த்தினேன். குனிந்தால் நழுவி விழுகிற அளவுக்குத் தளர்த்தி, ஸ்டாண்டில் மாட்டி, அறையைப் பூட்டிவிட்டு இறங்கினேன்.

புதன்கிழமை காலை ஏழு நாற்பது. நான்தான் பூட்டைத் திறந்தேன். ஹெட்ஃபோன் ஸ்டாண்டில் வைத்தபடியே இருந்தது.

இரண்டு குஷனும் அமுங்கியிருந்தன. காது வடிவத்தில்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல எழும்பின. கடைசியாக எழும்பியது மிளகளவுப் பள்ளம். இரண்டு பக்கமும்.

யாரோ அப்போதுதான் கழற்றி வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன். தோல் சூடாக இருந்தது.

“என்னங்க, மாடிக்கு வந்தீங்களா?” என்று படியில் நின்று கத்தினேன்.

“நான் இன்னும் பல்லே வெளக்கல.”

“இந்த ஹெட்ஃபோனத் தொட்டீங்களா?”

“பூட்டின ரூமுக்குள்ள நான் என்ன ஆவியா வர்றது?” என்று கீழேயிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெயில் பட்டுச் சூடாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அறைக்குக் கிழக்கே ஜன்னல் இல்லை. இருந்தாலும் சொல்லிக்கொண்டேன். வேலையை முடித்தாக வேண்டும்.

மதியம் இரண்டு பத்து. புது ஆம்ப்பைச் சோதிக்க உட்கார்ந்தேன். நான் பாட்டுப் போட்டுச் சோதிப்பதில்லை. ஒன்றுமே போடாமல் சோதிப்பேன். ஆம்ப்புக்குப் பின்னால் பாட்டு வருகிற ஒயரைப் பிடுங்கிவிடுவேன். பிறகு வால்யூமைச் சுழியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முழுக்க ஏற்றுவேன். மட்டமான ஆம்ப்பாக இருந்தால் ‘உஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் கேட்கும். நல்ல ஆம்ப்பில் ஒன்றுமே கேட்கக் கூடாது. என் ஒற்றைக் காதுக்கு இதில் ஆபத்தும் இல்லை. எதுவும் உள்ளே போகாதபோது எது வெளியே வரும்?

ஒயரைப் பிடுங்கினேன். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். மாட்டிக்கொண்டேன்.

பாதி ஏற்றினேன். ஒன்றுமில்லை.

முக்கால். ஒன்றுமில்லை.

முழுக்க ஏற்றினேன். அருமையான அமைதி. நல்ல ஆம்ப்தான்.

அப்போது... ‘க்ரீச்’.

நாற்காலி நகர்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். அறையில் என் நாற்காலி ஒன்றுதான். அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுபடியும் ‘க்ரீச்’. கூடவே மூச்சு. யாரோ மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு விடுகிற மூச்சு.

அப்போதுதான் உறைத்தது.

சத்தம் என் இடது காதில் கேட்டது.

கைகள் தாமாகவே வேலை செய்தன. ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டினேன். இடது கிண்ணத்தில்தான் கோளாறு என்றால், சத்தம் இப்போது வலது காதுக்கு வர வேண்டும்.

வரவில்லை. இடது காதிலேயே நின்றது.

“அவனா?”

பெண் குரல். சன்னமாக.

“அவனா போட்டிருக்கான்?”

எப்படிச் சொன்னேனோ... “இல்ல.”

மறுபடியும் அந்த நாற்காலி நகர்ந்தது.

“அப்ப கழட்டு.”

கை எழவில்லை.

“கழட்டுக்கா... உன் காது போயிரும்.”

பிடுங்கி மேஜைமேல் வீசினேன்.

வீசிய அதே நொடி... ‘கீஈஈஈ’.

இரும்பை இரும்பில் இழுத்ததுபோல் ஒரு கீச்சல். இரண்டு கிண்ணங்களும் மேஜைமேல் துடித்தன. டம்ளரில் தண்ணீர் அதிர்ந்தது. வலது காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, முழங்காலில் தவழ்ந்து போய், ஆம்ப்பின் கரண்டைப் பிடுங்கினேன்.

கரண்டு போன பிறகும் கத்தியது.

பிறகு நின்றது.

என் வீட்டுக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். என் தலையை இரண்டு கையாலும் பிடித்தார்.

“கேக்குதா? நான் பேசறது கேக்குதாடி?”

கேட்டது. அழுதுவிட்டேன்.

“என்ன சத்தம் அது? தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்,” என்றார். எல்லாம் சொன்னேன். ஒருமுறைகூடக் கிண்டல் செய்யவில்லை. கடைசியில், “நாளைக்கே அதத் திருப்பிக் குடுத்துரு. போட வேணாம்னு அந்தாளுகிட்டயும் சொல்லிரு,” என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இது சத்தியம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டுடியோக்காரர் வந்தார். நான் ஹெட்ஃபோனை அவர் கையில் கொடுக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும் சார். மறைக்காமச் சொல்லுங்க. இத ஒரு பொண்ணு போட்டிருக்கா. ரொம்ப நாள்.”

அவர் முகத்தில் அதே சிரிப்பு. “பரவால்லயே, கண்டுபுடிச்சிட்டீங்களே. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டப்பிங் பொண்ணு இருந்தா. அவ போட்டதுதான்.”

“அவங்களுக்கு என்ன ஆச்சு?”

“ஒரே டயலாக்க காலைலேருந்து சொதப்பிட்டிருந்தா. தூங்கறியான்னு கேட்டு, வால்யூம ஃபுல்லாத் தூக்கிவிட்டேன். துள்ளுனா பாருங்க...” அதை நினைத்து இப்போதும் அவருக்கு உடம்பு குலுங்கியது. “கழட்டப் பாத்தா. நான் பூத்துக்குள்ள போயி ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன். சும்மா வெளயாட்டுக்குத்தான். அப்புறம் காது கேக்கல, காது கேக்கலன்னு ஒரு வாரம் வாசல்ல வந்து நின்னா. இப்ப ஆளயே காணோம்.”

எனக்கு இருந்த பயம் அப்படியே இறங்கிப்போனது. அந்த இடத்தில் கோபம் ஏறியது. ஒரு காதை வைத்துக்கொண்டு பயந்து பயந்து பிழைக்கிறவள் நான். இந்த ஆள் ஒருத்தியின் இரண்டு காதையும் விளையாட்டுக்கு எடுத்திருக்கிறான். அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறான். சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த எச்சரிக்கையை முழுங்கிவிட்டேன்.

“குஷன் நல்லா மெத்துனு இருக்கு சார். பட்டையையும் லூசு பண்ணியிருக்கேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் போடலாம்,” என்று ஹெட்ஃபோனை நீட்டினேன். அவர் திரும்பியபோது, “இன்னைக்கே போட்டுப் பாருங்க,” என்றும் சொன்னேன். அதைச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவர் படி இறங்கினார். என் இடது காதில் யாரோ நிதானமாக ஒரு மூச்சு விட்டார்கள்.

மறுநாள் காலை ஸ்டுடியோவின் சவுண்ட் இன்ஜினியர் போன் செய்தார். சின்னப் பையன் குரல்.

“அக்கா, எவ்ளோ டைட்டா வெச்சுக் குடுத்தீங்க?”

“லூசாத்தான் வெச்சேன். ஏன்?”

“நேத்து மதியம் ரெண்டு பத்துக்கு மாட்டுனாருக்கா. மாட்டுன ஒடனே கத்த ஆரம்பிச்சாரு. கழட்டுங்க கழட்டுங்கன்னு உருண்டாரு. மூணு பேர் சேந்து இழுத்தோம், வரவே இல்ல. பட்டைய வெட்டலாம்னு கட்டர் எடுத்தோம், அதுவும் ஏறல. அரை மணி நேரம்க்கா. அப்புறம் அதுவாவே நழுவிக் கீழ விழுந்துச்சு.”

“ஆம்ப்ப ஆஃப் பண்ணீங்களா?”

“ஆம்ப்ப இன்னும் டப்பாவ விட்டே வெளிய எடுக்கலக்கா. ஒயர் சும்மாதான் தொங்கிட்டு இருந்துச்சு.”

ஸ்டுடியோக்காரருக்கு இரண்டு காதிலும் ஜவ்வு கிழிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். தலையில் இப்போது ஹெட்ஃபோன் இல்லை. ஆனாலும் நர்ஸைப் பார்த்தால் கழட்டுங்க, கழட்டுங்க என்கிறாராம்.

எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை. அந்தப் பெண்ணை நினைத்துத்தான் மனசு அடித்துக்கொண்டது. காது போன துக்கத்தில் ஏதாவது செய்துகொண்டு செத்திருப்பாள் என்று முடிவே கட்டிவிட்டேன். இல்லாவிட்டால் செத்த காதில் வந்து பேசுவாளா? இன்ஜினியரிடம் முகவரி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன்.

அவள் அம்மா கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“உங்க பொண்ணு... எப்ப தவறினாங்கம்மா?”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “என்ன பேச்சு பேசற நீ? என் பொண்ணு உள்ள படுத்திருக்கா.”

எட்டிப் பார்த்தேன். கட்டிலில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காதில் மிளகளவுத் தோடு. மார்பு ஏறி இறங்கியது. எனக்கு அந்த மூச்சின் சத்தம் தெரியும்.

அம்மாவிடம் திரும்பினேன். “இந்த... வியாழக்கிழமை மதியம் அவங்க எங்க இருந்தாங்க?”

“எங்க போவா? இங்கதான். சாப்பிட உக்காந்தா.” அம்மாவின் குரல் இறங்கியது. “அன்னைக்கு நடந்தது எப்படி உனக்குத் தெரியும்? திடீர்னு ரெண்டு கையையும் தூக்கிட்டாம்மா. முன்னாடி எதையோ புடிச்சு அமுக்கற மாதிரி. நானும் இவ அண்ணனும் தொங்கிப் பாத்தோம், கை எறங்கல. அரை மணி நேரம். அவ முகத்தப் பாக்க எனக்கே பயமா இருந்துச்சு.”

“ரெண்டு கைக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருந்துச்சு?”

அந்த அம்மா தன் இரண்டு கைகளையும் தூக்கி, விரித்துக் காட்டினாள்.

தினமும் தலை அளக்கிறவள் நான். டேப் தேவைப்படவில்லை; செவ்வாய்க்கிழமை ஸ்டுடியோக்காரர் தலையில் எடுத்த அதே அளவு.

“அப்புறம் கைய எறக்கிட்டா. மிச்சத்தச் சாப்பிட்டா. படுத்துட்டா,” என்றாள் அம்மா. “காதுக்குள்ள அந்தக் கீச்சல் நிக்கவே இல்லம்மா, ரெண்டு வருஷமா கண்ண மூடல. இப்பதான் தூங்கறா. அவளுக்குக் கேக்காதுதான், இருந்தாலும் மெதுவாப் பேசு.”