போல்ட்டுக்கு ஊற்றிய உப்புத்தண்ணீர்

கடத்தூரில் பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவன் யாரிடம் வேண்டுமானாலும் பேசி ஜெயித்துவிடலாம், யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவரிடம் மட்டும் முடியாது. டிவி ரிப்பேர், மிக்சி ரிப்பேர் என்று கடை போட்டு உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

பெயின்ட் மேல் முறுக்கிய ஒயர்

அப்படி யூடியூப் பார்த்துவிட்டு, என் வாடிக்கையாளர் மாதேஷ் ஆன்லைனில் ஒரு சின்னப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும், எஞ்சினுக்குப் பெட்ரோல் அளந்துவிடும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம் ஊற்று' என்று கோள்மூட்டுகிற பெட்டி. மாட்டினால் வண்டி சீறுமாம். பாப்பிரெட்டிப்பட்டியில் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அங்கே சீறிக்கொண்டு போய் இறங்க ஆசை.

பெட்டியின் கறுப்பு ஒயர்தான் எர்த். அதை பேட்டரி நெகட்டிவில் கொடுக்க வேண்டும். நான் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய சேஸ் போல்ட்டில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில் இருந்த போல்ட்டில், முறுக்கிவிட்டேன். அடியில் பெயின்ட் கரண்ட் போகவிடாமல் தடியாக இருந்ததைக் கவனிக்கவில்லை. எர்த் பிடிக்காத பெட்டி கண்டபடி உளற, வண்டி பெண் வீட்டு வாசலில் இருமிவிட்டு நின்றது. திரும்பி வந்த மாதேஷ் என்னைத் திட்டக்கூட இல்லை. "நின்னதுகூடப் பரவால்லீங்கண்ணா, மாமனாரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தள்ளுனாருங்க" என்றார்.

தினம் ஒரு சொம்பு

பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, ஒயரைத் திரும்ப முறுக்கினேன். "எர்த்து நல்லா இருந்தா வண்டி நல்லா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் ஓடியது. பிறகு அதே வாசல், அதே இருமல், அதே மாமனார். இந்த முறை தள்ளிக்கொண்டே சொல்லிவிட்டாராம், இன்னொரு தடவை நின்றால் சம்பந்தமே வேண்டாம் என்று.

கழற்றிப் பார்த்தால் போல்ட் முழுக்கத் துரு, சுற்றிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மாதேஷ் பெருமையாகச் சொன்னார்: "நம்ம போர் மோட்டாரு எர்த்து குழிக்கு உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்துறோமில்லீங்களா? வண்டியில கரி போட எடமில்ல, அதனால தெனமும் காலையில ஒரு சொம்பு உப்புத்தண்ணி மட்டும் ஊத்துனேனுங்க."

பெட்டி வேலை செய்த நாள்

ஒயரை நேராக பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்தேன். மூன்றாவது பயணத்துக்கு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஒரு கல்யாணம் என் ஒயரால் நின்றது என்ற பெயர் எனக்கு எதற்கு? வண்டி அம்சமாகப் போனது. அன்றைக்குத்தான் அந்தப் பெட்டி முதன்முறையாக ஒழுங்காக வேலை செய்தது. ஒழுங்காக வேலை செய்தால் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும் என்பது மாதேஷுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பெண் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் டேங்க் காலி. மாமனார் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, நான் மாமனாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பெயின்ட் என் தப்பு, உப்புத்தண்ணீர் மாதேஷ் தப்பு, பெட்ரோல் இருவர் தப்பு. மனிதர் உப்புத்தண்ணீரைத் தாண்டி வரவே இல்லை.

"தெனமுமா ஊத்துனீங்க?" என்று மாதேஷைக் கேட்டார்.

"ஒரு நாளும் தவறலீங்க மாமா."

மாமனார் வேட்டியை இறக்கிவிட்டார். "எம்பசங்கள மோட்டாரு எர்த்துக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா, ஒரு நாளு ஊத்திட்டு ஒம்போது நாளு மறந்துடறானுங்க. ஆகாத போல்ட்டுக்கே தவறாம ஊத்துனவரு, எம்பொண்ண நல்லாத்தான் பாத்துக்குவாரு. வூட்டுக்குள்ள வாங்க மாப்ள" என்றார்.

கல்யாணம் முடிந்து வண்டி சர்வீஸுக்கு வந்தபோது, எந்த ஒயரும் இல்லாத அந்தப் பழைய போல்ட்டில் புதிதாக உப்புப் பூத்திருந்தது. ஒரு நாள் தவறினாலும் மாமனார் என்ன நினைப்பாரோ என்று பயந்து ஊற்றுகிறவரை எந்த மெக்கானிக்கால் தடுக்க முடியும்?