தண்ணீர் கேட்கிறாள் என்றேன்

அவள் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை, தெரிந்தேதான் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் வாழ்வு அவளது இருபத்து நான்காவது வயதோடு நின்றுபோயிற்று.

எங்கள் கழகத்தின் வரலாற்று மலரைப் புரட்டிப் பாருங்கள். இது அதில் இராது. அந்த வரலாற்றை எழுதியவளே நான்தான்!

ரோலர் டெர்பி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அடியில் சக்கரம் பூட்டிய சில்லுச் சப்பாத்து அணிந்து நீள்வட்டப் பாதையில் ஓடுகிற ஆட்டம் அது. அணிக்கு ஐவர். அவர்களில் ஒருத்தியின் தலைக்கவசத்தில் மட்டும் நட்சத்திரம் இருக்கும். எதிரணியில் நட்சத்திரம் இல்லாத நால்வரையும் அவள் முண்டியடித்து முந்தவேண்டும்; முந்துகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு புள்ளி. அவர்களோ தோளாலும் இடுப்பாலும் இடித்து அவளை மறிப்பார்கள். விழாமல் ஆடியவள் எவளும் இல்லை.

மொன்றியலில் ஏழு பெண்களாகச் சேர்ந்து இந்தக் கழகத்தைத் தொடங்கினோம். சலவைக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துத்தான் நான் போனேன். முதல் கோடையில் எங்களுக்கு இடமே இல்லை. ஒரு தேவாலயத்தின் வாகனத் தரிப்பிடத்தில் விழுந்து எழும்பினோம். பிறகு, கோடையில் பனியை உருக்கி வெறுந்தரையாக விட்டிருக்கும் ஹொக்கி அரங்கு ஒன்று கிடைத்தது. நாங்களே தரையில் பட்டி ஒட்டிப் பாதை அமைத்தோம். ஏழு பேர் எழுபது பேரானோம். நான்கு அணிகள்! மக்கள் வரிசையில் நின்று பார்க்க வந்தார்கள்.

நான் பகலில் ஒரு கார்டெரியில், அதாவது மழலையர் காப்பகத்தில், குழந்தைகளைப் பராமரிப்பவள். அங்கே என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரங்கில் மட்டும் என் பெயரைக் கூவினார்கள். அந்தக் கூச்சல் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை இப்போது சொல்லவே கூசுகிறது...

கௌசி அந்தக் கார்டெரிக்குத்தான் வேலைக்கு வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து பதினாறு வயதில் தாயோடு வந்தவள். மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மாமன் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருவரும் இருந்தார்கள். தெருப்பக்கம் ஓடிவிட்ட ஒரு குழந்தையை அவள் துரத்திப் பிடித்த வேகத்தை ஒருநாள் கண்டேன். அன்றே முடிவு செய்துவிட்டேன், இவள் தலையில் நட்சத்திரம் ஏறவேண்டும் என்று.

அவளுடைய தாய் தயங்கினார். "இடிபட்டு விழுற விளையாட்டெல்லோ, பிள்ளை? இவளுக்கு ஒண்டெண்டால் நான் ஆரிட்டைப் போறது?"

"நான் பாத்துக்கொள்ளுறன், அன்ரி. எனக்கு இவள் தங்கச்சி மாதிரி."

நான் சொன்னேன். அவர் நம்பினார்.

இரண்டே ஆண்டுகளில் கௌசியை மறிக்க ஆளில்லாமல் போயிற்று. எனக்கோ முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆட்டத்தை விட்டு அணியின் பயிற்றுநராகப் பாதையோர வாங்குப்பலகையில் உட்கார்ந்தேன். எங்கள் அணி ஒருமுறைகூடக் கிண்ணம் வென்றதில்லை. முதலில் தொடங்கியவர்கள் நாங்கள்... வென்றவர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள்!

இறுதியாட்டம் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் நடந்தது. இடைவேளைக்குப் பின், ஆட்டம் முடியும் தறுவாயில், கௌசியை இருவர் ஒன்றாக இடித்தார்கள். அவள் பின்புறமாய் விழுந்தாள். தலைக்கவசம் தரையில் மோதிய சத்தம் வாங்கு வரைக்கும் கேட்டது.

அவளாகவே எழுந்து வந்து என் பக்கத்தில் அமர்ந்தாள். காயம் பார்க்கிற தொண்டர் சில்வி ஓடிவந்து முன்னால் முழந்தாளிட்டாள். சில்வி தாதியர் படிப்பில் இருந்த கியூபெக் பெண், மிகவும் கவனமானவள். "எப்படி இருக்கிறது, கௌசி?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த கௌசி, அவளைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னாள்.

"லைற் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது, அக்கா. சத்தி வருமாப்போல கிடக்கு."

பார்வை இரட்டிக்கிறது, வாந்தி வரும்போல் இருக்கிறது என்கிறாள். தனக்கு முன்னால் இருப்பது யார் என்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை. அது ஒன்றே போதாதா? எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை.

சில்வி என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்கிறாள்?"

அந்த அரங்கில் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். அவள் சொன்னது விளங்கியவள் நான் ஒருத்தி.

மூன்று புள்ளிகள் பின்னால் நின்றோம். கடைசிச் சுற்று. கௌசியைத் தவிர வேறு எவளாலும் அதை எட்ட முடியாது.

"தண்ணீர் கேட்கிறாள்," என்றேன்.

போத்தலை அவள் கையில் வைத்தேன். அவள் குடித்தாள்! நான் கொடுத்ததால் குடித்தாள். சில்விக்கு இன்னமும் ஐயம் தீரவில்லை. "இந்தச் சுற்று மட்டும் உட்கார்ந்திருக்கட்டுமே," என்றாள். "எனக்கு இவளைத் தெரியும், என் தங்கை போன்றவள்," என்றேன். தாயிடம் சொன்ன அதே சொற்கள்...

கௌசி போனாள். இரண்டு நிமிடச் சுற்று அது. எப்படி ஓடினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நால்வரையும் முந்தினாள். நான்கு புள்ளிகள். விசில் ஊதப்படும் வேளையில் ஒருத்தியின் தோள் அவளை உரசியது. அது இடிகூட இல்லை. சரிந்து விழுந்தாள்.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வாங்கின் மேல் ஏறி, இரண்டு கைகளையும் தூக்கித் துள்ளிக்கொண்டிருந்தேன். எல்லோரும் அடங்கிய பிறகும் துள்ளினேன். சில்வி ஓடுவதைக் கண்ட பிறகுதான் இறங்கினேன்.

மருத்துவமனையில் மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதாகச் சொன்னார்கள். முதல் அடியிலேயே தொடங்கியிருக்கும் என்றார்கள். "விழுந்த பிறகு ஏதாவது முறையிட்டாளா?" என்று மருத்துவர் என்னைக் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அங்கே சொல்லியிருக்கலாம் அல்லவா? அவளுடைய தாய் என் கையைப் பற்றிக்கொண்டு நின்றார். "நீ பக்கத்தில நிண்டபடியால் தான் என்ரை பிள்ளைக்கு உயிராவது மிஞ்சினது," என்று அழுதார். அந்தக் கையை உதறிவிட்டுச் சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை.

கழகம் விசாரித்தது. சில்வி தானாகவே முன்வந்தாள். "நான் அவள் கண்களைப் பார்த்துக் கேட்டிருக்கவேண்டும். விளக்கடித்துப் பார்த்திருக்கவேண்டும். தவறு என்னுடையது," என்றாள். பொறுப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தாள். ஏற்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. குழுவில் நானும் இருந்தேன்.

ஏற்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். உயர்த்தினேன்.

சில்வி தாதியர் படிப்பையும் விட்டுவிட்டாள். இப்போது பூக்கடை ஒன்றில் நிற்பதாகக் கேள்வி. அந்தத் தெருவால் நான் போவதில்லை.

தலையில் அடிபட்டவள் அன்றைய நாளில் மறுபடி இறங்கக்கூடாது என்று கழகம் புதிய விதி இயற்றியது. வேறு நகரங்களின் கழகங்கள்கூட அதைக் கேட்டு வாங்கிப் பின்பற்றின. எங்கள் பெருமைகளில் அதுவும் ஒன்றாயிற்று!

அதன் பிறகு பெருந்தொற்று வந்தது. அரங்கு எங்களைத் திரும்ப ஏற்கவில்லை. ஆட்கள் கழன்று போனார்கள். சென்ற ஆண்டு, எஞ்சிய பதினொரு பேர் கூடிக் கழகத்தைக் கலைத்தோம். நினைவாக ஒரு மலர் வேண்டும் என்றார்கள். தொடக்கத்திலிருந்து இருப்பவள் நான்தானே, நானே எழுதவேண்டும் என்றார்கள். நாற்பது பக்கம் எழுதினேன். அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று வரி கொடுத்தேன். "எதிர்பாராத விபத்து" என்று எழுதினேன். வாசித்தவர்கள் கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

கௌசிக்கு இப்போது முப்பத்தொரு வயது. வெளிச்சம் ஆகாது. நடக்க ஒருவர் கைபிடிக்கவேண்டும். பழையவை சில நினைவில் நிற்கின்றன, புதியவை நிற்பதில்லை. பிரெஞ்சு முற்றாகப் போய்விட்டது. ஞாயிறுதோறும் நான் போவேன். தலை சீவிவிடுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, தாய் சமையலறையில் இருந்தபோது, சொல்லிவிட்டேன். ஒன்றும் மறைக்காமல், அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப... நீங்கள் சொல்லியிருந்தால், நான் இப்பிடி ஆகியிருக்க மாட்டனோ?"

"ஓம், கௌசி."

"எனக்குத் தண்ணி விடாய்க்கவே இல்லையக்கா..."

அழத் தொடங்கினாள். குழந்தைகள் அழுவார்களே, அப்படி வாய்விட்டு அழுதாள். மன்னிக்கவில்லை. திட்டவும் இல்லை. தாய் கை துடைத்தபடி ஓடிவந்தார்.

"ஏன் பிள்ளை அழுகிறாள்? என்ன நடந்தது?"

என் வாய் திறந்தது. இதோ, இப்போது சொல்லிவிடலாம். இனி இழக்க எனக்கு என்ன இருக்கிறது? கழகமே இல்லை!

"தலையிடியாம், அன்ரி," என்றேன்.

தாய் திரைச்சேலையை இழுத்து மூடினார், மாத்திரை கொடுத்தார். கௌசி விசும்பி விசும்பி உறங்கிப்போனாள். ஒரு மணி நேரத்தில் கண் விழித்து என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"அக்கா! எப்ப வந்தனீங்கள்?"

அவள் மறந்துவிட்டாள். அந்தக் கணத்தில் என் நெஞ்சில் எழுந்தது துயரம் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை... நிம்மதி! என்னைப் பற்றி இதைவிடக் கேவலமாக எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுபடியும் சொல்லலாம். சொன்னால் அவள் மறுபடியும் முதல்முறை போலவே அழுவாள், மறுபடியும் மறப்பாள். சொல்லாவிட்டால் நான் நல்லவளாகவே அந்த வீட்டுக்குள் போய்வருவேன். இரண்டில் எது கொடுமை என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா?

புறப்படும்போது தாய் புட்டும் கறியும் கட்டிக் கொடுத்தார். "நீயும் இல்லையெண்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம், பிள்ளை?" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ச் சூடாக்கிச் சாப்பிடவும் செய்தேன்.