யாகப்பரின் வண்டி நின்ற வாசல்கள்

கண்டி மஹய்யாவ யாகப்பருக்குத் தொழில் கல்யாணம் பேசுவது. பேச்சு முற்றாகும்வரை பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட விஷயம் தெரியக்கூடாது என்பது அவருடைய கொள்கை. தெரிந்தால் யாராவது மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்து, பெண்ணின் சித்தப்பா பெரிய குடிகாரர் என்று சொல்லிவிடுவார்கள். சித்தப்பாவே இல்லாத பெண்களுக்கும் அப்படி நடந்திருக்கிறது.

அதனால் அவர் இன்சூரன்ஸ்காரரைப்போல ஒரு கறுப்புப் பையோடுதான் போவார். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "பொலிசி விஷயமா வந்தேன், ஐயா இருக்காங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பைக்குள் ஒரு பக்கம் ஞானஸ்நானப் பத்திரங்கள், மறுபக்கம் சாதகங்கள். வேதக்கார வீடு, சைவ வீடு என்ற பேதம் அவருக்கு இல்லை. இளமை முழுவதும் கண்டியில் ஒரு புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர். எந்த வீட்டில் எந்தப் பெண் எப்போது சேலைக்கு மாறினாள் என்பது அவருக்கு அங்கிருந்தே மனப்பாடம்.

இப்படிப்பட்ட மனிதரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய மோட்டார் சைக்கிள்.

முதலில் கண்டது அவருடைய மனைவி பஸ்லினா. காலையில் கழுவிவிட்ட சீமெந்துத் தரையில் கறுப்பாக ஏதோ பளபளத்தது.

"இங்க வந்து பாருங்க, ஒங்க வண்டி ஒண்ணுக்குப் போயிருக்கு!"

யாகப்பர் வண்டியைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அஸீமின் கராஜுக்குக் கொண்டுபோனார். அஸீம் குனிந்து, ஒயிலை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான்.

"அங்கிள், கியர் மிதிக்கிற தண்டு உள்ளுக்குப் போற எடத்துல ஒரு ரப்பர் சீல் ஈக்கி. அது தேஞ்சி போச்சி. பழைய மொடல், கொழும்புக்குச் செல்லித்தான் எடுக்கணும். அது வார வரைக்கும் ஒயில் ஊத்தி ஊத்தி ஓட்டுங்க. ஊத்த மட்டும் மறந்துராதீங்க, எஞ்சின் இறுகிப் போயிரும்."

யாகப்பர் ஒரு சோடாப் போத்தல் நிறைய ஒயிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார். வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கையில் ஒயில் சொட்டி, கால் மிதிக்கும் கம்பியில் பட்டு இரண்டாகப் பிரிந்து விழும். பெரிய வட்டம் ஒன்று, அதை ஒட்டிச் சின்ன வட்டம் ஒன்று. மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஊர் கவனித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வரும்போது, தையல்காரி யோசப்பின் என்பவள் அவரை மறித்தாள்.

"என்ன அண்ணே, கெலிஓயா டீச்சர் வீட்டுப் பேச்சு முத்திருச்சு போல?"

யாகப்பருக்கு வியர்த்தது. "யாரு சொன்னது?"

"நீங்கதான். போன கெழம வாசல்ல ஒரு சோடிப் பொட்டு இருந்துச்சு. இந்தக் கெழம மூணு சோடி. அத்தன தடவ போயிட்டு வந்தா முத்தாம என்ன செய்யும்?"

அன்றைக்கே அவர் ஒரு பால்மா டின்னை வெட்டி, எஞ்சினுக்கு அடியில் கம்பியால் கட்டினார். குழிக்குக் குழி அது கணகணவென்று அடித்தது. அதுவரை அவர் போன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. இப்போது வருவதற்கு முன்பே தெரிந்தது. திருப்பத்தில் சத்தம் கேட்டதும் பெண்கள் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் நாள் அந்த டின்னைக் கழற்றி எறிந்தார்.

தொழில் இதோடு முடிந்தது என்று அவர் தலையில் கை வைத்திருந்தபோது, யோசப்பினே அவரைத் தேடி வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மகள் நடாஷா ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.

"யோசப்பின், இப்ப என் கையில மாப்பிள்ள இல்லையே," என்றார் யாகப்பர்.

"மாப்பிள்ளைய யாரு கேட்டா? நீங்க உள்ளகூட வர வேணாம். வண்டிய நம்ம வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பாட்டிட்டுப் போங்க, போதும்."

அவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனாலும் நிறுத்தினார். வண்டி சொட்டியது. ஒரு வாரத்துக்குள், நடாஷாவை யாரோ பெரிய இடத்தில் கேட்டிருக்கிறார்களாம் என்று ஊரில் கதை பரவியது. அது பரவியதும், அதுவரை அவளை ஏறிட்டும் பார்க்காத இரண்டு வீட்டார் தாங்களாகவே ஆள் அனுப்பினார்கள். பிறர் கை நீட்டும் பொருளுக்குத்தான் மவுசு என்பதைப் புடவைக்கடையில் பார்த்துப் பழகியவர்தான் யாகப்பர். ஆனால் ஒரு சொட்டு ஒயிலுக்கு அவ்வளவு சக்தி இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு வீடு அழைப்பு வந்தது. "சும்மா வந்துட்டுப் போங்க, அண்ணே. கேட்டுக்கு நேரா நிப்பாட்டுங்க, ரோட்டுல இருந்து தெரியணும்." வண்டி வாசலில் சொட்டிக்கொண்டிருக்க, உள்ளே யாகப்பர் கேக்கும் மஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கெலிஓயாவில், அவர் ஒருநாளும் போகாத ஒரு வீட்டு வாசலிலும் பெரிதும் சிறிதுமாக இரண்டு வட்டங்களைக் கண்டார். கிட்டப் போய்ப் பார்த்தார். தேங்காயெண்ணெய். எறும்பு மொய்த்திருந்தது.

இதற்கிடையில் அஸீம் போன் எடுத்தான். சீல் வந்துவிட்டது.

"கொஞ்சம் வேல கெடக்கு தம்பி, பொறகு வாறேன்," என்றார் யாகப்பர்.

"சீல் வந்திருச்சாமே?" என்று பஸ்லினா கேட்டாள்.

"யாரு சொன்னா?"

"ஒங்களுக்கு மட்டுந்தான் ஊருல ரகசியம்," என்றுவிட்டு அவள் தேங்காய் துருவப் போனாள்.

வினை மழையாக வந்தது. ஒரு பின்னேரம் கட்டுகஸ்தோட்டையில் மழை கொட்டியது. யாகப்பர் கண்ணில் பட்ட ஒரு கேட்டின் கூரைக்கு அடியில் வண்டியை ஏற்றி நிறுத்தி, விடும்வரை நின்றுவிட்டுப் போனார். யாருடைய வீடு என்றுகூடப் பார்க்கவில்லை.

அது தம்பிராஜாவின் வீடு. யாழ்ப்பாணத்தார், அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் றஜிதா அவுஸ்திரேலியாவில், மெல்பேணில். வீட்டில் அவரும் வானொலியும் மட்டும். மூன்றாம் நாள் அவர் போன் எடுத்தார்.

"நீர்தானே யாகப்பர்? உம்மட வண்டி என்ர வாசலிலை செய்த வேலையை வந்து பாரும். ஆரோ படம் பிடிச்சு மகளுக்கு அனுப்பிப்போட்டினம். அவள் அழுறாள். 'ஆர் அப்பா அந்த மனுசி, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே' எண்டு கேக்கிறாள். நான் எந்த மனுசியைச் சொல்லுறது? வந்து கழுவிவிடும். அந்த வண்டியை மட்டும் கொண்டு வராதையும்!"

யாகப்பர் வண்டியில்தான் போனார். ஆனால் சந்திப் பேக்கரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு நடந்து போனார். மண்ணெண்ணெயும் சவர்க்காரத் தூளும் போட்டு, தேங்காய்த் தும்பால் மண்டியிட்டுத் தேய்த்தார். தம்பிராஜா தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றார். போகிற வருகிற வாகனங்கள் மெதுவாகின. ஒரு த்ரீவீல்காரர் நிறுத்திப் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். கறை போனது.

மத்தியானம், யாகப்பர் வீட்டுப் பக்கமாகப் போய்க் கை கழுவிக்கொண்டிருக்கையில், எதிர் வீட்டு லீலாதேவி, ஓய்வு பெற்ற ஆசிரியை, மூடிய பாத்திரம் ஒன்றோடு தெருவைக் கடந்து வந்தார்.

"அண்ணை, கேள்விப்பட்டன். மனசைத் தளர விடாதேங்கோ. அந்த ஆக்களுக்குத்தான் குடுத்துவைக்கேல்லை."

"எந்த ஆக்கள்?" என்றார் தம்பிராஜா.

"பொம்பிளைப் பகுதி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினமாமே. புரோக்கரே வந்து கழுவிப்போட்டுப் போறாரெண்டு சனம் கதைக்குது. புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் இருக்கு, சாப்பிடுங்கோ."

அவர் போனதும் தம்பிராஜா பாத்திரத்தை மதிலில் வைத்தார். 

"என்னையோ? என்னையோ வேண்டாமெண்டது?"

"யாருமே சொல்லலீங்க ஐயா. பொண்ணே இல்லையே," என்றார் கையைத் துடைத்துக்கொண்டு வந்த யாகப்பர்.

"இல்லாத பொம்பிளை என்னை எப்பிடி வேண்டாமெண்ணுவாள்? பென்சன் இருக்கு. சொந்த வீடு. பல்லும் என்ர பல்லு!"

யாகப்பரின் கை தன்னை அறியாமலே கறுப்புப் பைக்குள் போனது. "நட்சத்திரம் என்னங்க ஐயா?"

"சதயம்," என்றார் தம்பிராஜா. பிறகுதான் திடுக்கிட்டார். "உம்மை ஆர் அதைக் கேட்டது? இப்ப எனக்கு ஒண்டு சொல்லும். நான்தான் வேண்டாமெண்டனான் எண்டு சனத்துக்கு விளங்குற மாதிரி ஏதும் கறை இருக்கே?"

யாகப்பர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "அப்படி ஒண்ணு இல்லீங்களே ஐயா."

"அப்ப வண்டியைக் கொண்டு வாரும். பஸ்ஸிலை வரேல்லை எண்டு எனக்குத் தெரியும், பேக்கரிக்குப் பின்னாலை நிக்குது. இன்னொருக்கா இஞ்சை நிப்பாட்டும். பேச்சு முறியேல்லை எண்டாவது தெரியட்டும்."

வண்டி வந்தது. காலையில் கழுவிய அதே இடத்தில் சாய்த்து நிறுத்தினார்கள். இருவரும் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் விழவில்லை. தம்பிராஜா உள்ளே போய் டோர்ச் எடுத்துவந்து அடியில் அடித்துப் பார்த்தார்.

"என்ன காணும், விழுகுதில்லை?"

"ஆள் பாத்தா வெக்கப்படுது போல."

"அப்ப மற்றப் பக்கம் பாப்பம்," என்று தம்பிராஜா திரும்பிக்கொண்டார். யாகப்பரும் திரும்பினார். அப்படியும் விழவில்லை.

"எஞ்சின் சூடானா ஒயில் எளகும்," என்று யாகப்பர் வண்டியை முடுக்கினார். முறுக்கினார். வண்டி உறுமியது. இன்னும் முறுக்கினார். திடீரென்று பன்றி அலறுவதுபோல ஒரு சத்தம், பிறகு அமைதி. கிக்கரை மிதித்தார், கல்லை மிதித்ததுபோல இருந்தது. அப்போதுதான் பைக்குள் இருந்த சோடாப் போத்தல் நினைவுக்கு வந்தது. கேக் சாப்பிட்ட நாட்களில் அதைத் திறந்ததே இல்லை. விழுவதற்கு உள்ளே ஒயில் இருந்தால்தானே விழும்.

யாகப்பர் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வண்டியை அவர் தன் காலைப்போலத்தான் நினைத்திருந்தார். பஸ்லினாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

 தம்பிராஜா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என்ர சொல்லாலை வந்தது. எழும்பும், தள்ளுவம்."

யாகப்பர் ஹாண்டிலைப் பிடிக்க, தம்பிராஜா பின்னாலிருந்து தள்ள, இருவரும் பாலத்தில் ஏறினார்கள். பாலம் முழுவதும் வாகன நெரிசல். நின்றிருந்த கண்டி பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து கொண்டக்டர் எட்டிப் பார்த்தான். கல்யாண புரோக்கரையும், வேர்த்து விறுவிறுக்க அவருடைய வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் தம்பிராஜா மஹத்தயாவையும் கண்டான். அவன் முகம் மலர்ந்தது.

"மஹத்தயா, சுப பெத்தும்!" என்று சிங்களத்தில் வாழ்த்துச் சொல்லிக் கத்தினான்.

பஸ்ஸுக்குள் யாரோ கைதட்டினார்கள். அடுத்த பஸ்ஸிலும் தட்டினார்கள். அவசரம் தாங்காமல் மனிதர் தானே வண்டி தள்ளிக்கொண்டு பெண் பார்க்கப் போகிறார் என்று ஒரு பெண் மற்றவளுக்குச் சொன்னது தெளிவாகக் கேட்டது. யாகப்பர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். தம்பிராஜா நிமிர்ந்து, ஒரு கையை வண்டியிலிருந்து எடுத்து, கச்சேரி ஆண்டு விழா மேடையில் உயர்த்துவதுபோல மெல்ல உயர்த்தினார்.

கராஜில் அஸீம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த புதிய சீலை எடுத்து யாகப்பரின் கையில் வைத்தான். "இத வச்சி இப்ப ஒண்ணும் செய்ய ஏலாது அங்கிள். எஞ்சின முழுசாக் கழட்டணும்." குடிக்கப் பிளேன்டி வந்தது. தம்பிராஜா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்று, மகளுக்குப் போன் எடுத்தார். "ஓம் பிள்ளை… ஓம். அது சரிவரேல்லை. இல்லை, இல்லை, நான்தான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்," என்று சொல்வது உள்ளே கேட்டது.

அஸீம் யாகப்பரின் காதருகே குனிந்தான். "அங்கிள், பொண்ணு எந்த ஊர்?"

யாகப்பர் வாசலைப் பார்த்தார். தம்பிராஜா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கை துடைத்துத் துடைத்து வேட்டியின் பின்புறம் முழுவதும் கறுப்பு.

"கம்பளப் பக்கம்," என்றார் யாகப்பர். "நல்ல எடந்தான் தம்பி. அவங்களுக்கு ரொம்ப விருப்பம். ஐயாவுக்குத்தான் பிடிக்கல."