துண்டுத் துணியில் திரித்த கயிறு

என் மகள் கவிதா, வெள்ளிமலையில் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தையல் கடைகளில் ஒதுக்கும் துண்டுத் துணிகளால் ஊஞ்சல் கயிறு திரித்து விற்கிறாள். “குப்பையை நம்பி வாழ முடியுமா?” என்று ஒருநாள் போனில் கடுமையாகத் திட்டிவிட்டேன். அதன்பிறகு அவள் போன் அணைந்தே கிடந்தது. மனம் கேட்காமல், மறுநாள் விடிந்ததும் சின்னசேலத்திலிருந்து கிளம்பி மலைக்குப் போனேன்.

பட்டறை வாசலில் துணி கிழித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், கவிதா எங்கே என்று கேட்டேன்.

“அதுங்களா? பின்னால மரத்துல தொங்கிக்கினு இருக்குது,” என்றாள் நிமிராமலே.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பலாமரக் கிளையில் கட்டிய கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள் என் மகள். புதுக் கயிற்றை விற்பதற்கு முன் அவளே தொங்கிப் பார்ப்பது அங்கே வழக்கமாம்.

“இன்னாம்மா இப்படி நடுங்குற? நேத்துலருந்து கரண்டு இல்ல, போன்ல சார்ஜே இல்ல.”

இன்னும் இரண்டு பெண்கள் வந்து அதே கயிற்றில் தொற்றிக்கொண்டார்கள். கிளைதான் முனகியது. குப்பைக்குப் போகவேண்டிய ஜாக்கெட் துண்டுகள் மூன்று பேரைத் தாங்கி நின்றதைப் பிரமித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நடுக்கம் இன்னும் முழுதாக விடவில்லை. இப்போதெல்லாம் மகளைத் திட்ட வேண்டுமென்றால் நான் போனை எடுப்பதில்லை. பஸ் ஏறி, நேரில் போய்த்தான் திட்டுகிறேன்.