சாம்பியனுக்கு ஒரு குப்பி, இசக்கிக்கு ஒரு குப்பி

அடுத்தவர் சிறுநீர் கழிப்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் ஒரு வேலை இருக்கிறது; அதற்குக் கழுத்தில் அட்டையெல்லாம் மாட்டி விடுவார்கள்.

மேலகரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவன் நான். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று பிழைப்பு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் தொழில்முறை சைக்கிள் பந்தயம் வரத் தொடங்கியபோது, ஊக்கமருந்துச் சோதனைக்கு உள்ளூரில் ஒரு ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். வேலை சுலபம். வீரர் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் போய், உங்களைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதிலிருந்து அவர் குப்பியை நிரப்பி மூடும்வரை நிழல் மாதிரி கூடவே இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் இதுதான் விதி என்று சோதனைக்குப் பொறுப்பான ஆபீசர் மேசையைத் தட்டிச் சொன்னார். பரீட்சை ஹாலில் பிட் பிடித்தவர்கள், ரயிலில் டிக்கெட் கேட்டவர்கள், ஹெல்மெட் போடாதவரை மறித்தவர்கள் உங்களில் இருந்தால், 'யாராக இருந்தாலும்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அருவிக்குள் போன ஆதாரம்

அந்த வருடம் பந்தயம் சாரல் காலத்தில் வந்தது. செங்கோட்டை வழியாகப் போய்ப் புளியரை மேட்டில் ஏறித் திரும்பி, குற்றாலத்தில் முடிகிற மாதிரி பாதை போட்டிருந்தார்கள். ஜெயித்தவர் சென்னைக்காரர். பெயர் வேண்டாம், சாம்பியன் என்றே வைத்துக்கொள்வோம். அவர் முகம் போட்ட குளிர்பானப் பலகை தென்காசி பஸ் ஸ்டாண்டிலேயே இருந்தது. நான் போய் விஷயத்தைச் சொன்னதும் சிரித்த முகமாகத் தலையாட்டினார். பிறகு, குற்றாலம் வரை வந்துவிட்டு அருவியில் தலையைக் காட்டாமல் போனால் எப்படி என்று கேட்டபடியே பேரருவிப் பக்கம் நடையைக் கட்டினார்.

நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சீசன் நேரத்துப் பேரருவியில் ஒருவரைக் கண்பார்வையில் வைத்திருக்க முயன்றவர்கள் யாராவது இருந்தால் என் நிலைமை தெரியும். உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் துண்டு, தலைமேல் வெள்ளைச் சுவராகத் தண்ணீர். அதற்குள் சாம்பியனும் ஒன்றுதான், சங்கரன்கோவில் மளிகைக்காரரும் ஒன்றுதான். முழுக்க நனைந்து நான் அவரைக் கண்டுபிடித்தபோது அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டபடி வெளியே வந்தார். சோதனை அறைக்குக் கூப்பிட்டேன். இப்போது வராது பிரதர், அருவிக்குள்ளேயே போய்விட்டது என்றார்.

அறிவிப்பு கொடுத்த பிறகு வருகிற முதல் சிறுநீர்தான் சோதனைக்கு உரியது. அதைத் தண்ணீரோடு விட்டவர் மேல் அறிக்கை எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொட்டச் சொட்டப் போய் ஆபீசரிடம் சொன்னேன். அவர் எனக்கு ஒரு துண்டை நீட்டினார். "அதுக்காகப் பேரருவியையா சார் குப்பியில பிடிச்சுட்டு வர முடியும்? மெதுவா வரட்டும், விடுங்க."

கோழி வாசம்

அன்று குலுக்கலில் தேர்வான இன்னொருவன் இசக்கிமுத்து. வடகரைப் பையன். சின்ன அணி ஒன்றில் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு அரசு வேலை ஏறக்குறைய முடிவாகி, உத்தரவு மட்டும் வர வேண்டியிருந்தது. அந்த வேலையை நம்பித்தான் போன தையில் கல்யாணம் நடந்தது என்று அவனே சொன்னான். சொல்லும்போது இருமினான், சாரலில் நனைந்து பயிற்சி செய்ததில் பிடித்த சளி.

புளியரை மேடு அவன் உடம்பிலிருந்த தண்ணீரையெல்லாம் வியர்வையாகப் பிழிந்துவிட்டது. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்தோம். குடித்துத் தள்ளினான். ஒரு வழியாக வந்தது, ஆனால் ரொம்ப நீர்த்துப் போயிருக்கிறது, செல்லாது என்று ஆபீசர் திருப்பிவிட்டார். மறுபடி முதலிலிருந்து. அவன் மனைவி செல்வி பிளாஸ்கில் சுக்குக் காப்பியோடு வாசலில் வந்து நின்றாள். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக் கூடாது என்று ஆபீசர் விதிப் பக்கத்தைத் திறந்தே காட்டினார். பக்கத்துச் சோதனை அறையில் சாம்பியன் அணியின் மேனேஜர் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

செல்வி ஒருமுறை மோப்பம் பிடித்தாள். பிளாஸ்கை இறக்கி வைத்துவிட்டு என்னைத்தான் கேட்டாள். "காப்பி உள்ள வரக் கூடாதுன்னு சொல்லுதீய, சரி அண்ணாச்சி. அப்பம் அங்கன இருந்து கோழி வாசம் வருதே, அது எந்த வழியா உள்ள போச்சு?"

வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு

குப்பியை மூடுவதற்கு முன்னால் கடந்த சில நாட்களில் சாப்பிட்ட மருந்துகளைச் சொல்ல வேண்டும். சாம்பியனுக்கு அதைச் சொல்ல ஒரு டாக்டரே கூட வந்திருந்தார். ஆஸ்துமா என்றார், அலர்ஜி என்றார், எல்லாவற்றுக்கும் சான்று பின்னால் வரும் என்றார். ஆபீசர் அத்தனையையும் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்.

இசக்கி ஒளிக்கத் தெரியாதவன். சளிக்கு மாத்திரை சாப்பிட்டேன் என்றான். என்ன மாத்திரை என்று கேட்டதற்கு, காலையில் வெள்ளை ஒன்று, ராத்திரி மஞ்சள் ஒன்று என்றான். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் செட் மாத்திரை. மெடிக்கலில் போய்ச் சளி என்றால் போதும், அட்டையிலிருந்து கத்தரித்துத் துண்டு துண்டாகக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். கவரின் மேல் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. மாத்திரையின் பெயர் கடைக்காரருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன், நீங்களும் அப்படித்தான் சாப்பிடுகிறீர்கள்.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. இரண்டு பேர் குப்பியிலும் ஒரே ஸ்டீராய்டு. சாம்பியனுக்கு டாக்டர் சான்று வந்து சேர்ந்தது. தேதி முன்னே பின்னே இருந்தாலும் மருத்துவ விலக்கு கிடைத்துவிட்டது. இசக்கிக்குத் தற்காலிகத் தடை என்று மெயில் வந்தது. அவன் செல்போனை என்னிடம் நீட்டி, இதில் போட்டிருப்பது நான்தானா அண்ணாச்சி என்று கேட்டான்.

அவனை அழைத்துக்கொண்டு அந்த மெடிக்கலுக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி எனக்குப் பழக்கம்தான். நல்ல மனிதர், கெடுதல் நினைக்காதவர். மஞ்சள் மாத்திரையில் ஸ்டீராய்டு உண்டு, அதனால்தானே இருமல் உடனே அடங்குகிறது என்று ஒத்துக்கொண்டார். இதனால் ஒருவன் வேலையே போகப் போகிறது என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "என்னவே சொல்லுதீரு? எங்க அப்பா காலத்துலேருந்து இந்த செட்டைத்தான் குடுக்கோம். இதைத் தின்னுட்டு ஒருத்தனும் சைக்கிள்ல கப்பு வாங்கினதா நான் கேள்விப்படலையே."

விசாரணையில் அருவி

விசாரணை வீடியோவில் நடந்தது. வடகரையில் சிக்னல் நிற்காததால் என் பரிசோதனை நிலையத்திலேயே கம்ப்யூட்டர் முன்னால் அவனை உட்கார வைத்தேன். கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பின்னால் செல்வி. திரையில் விசாரணைக் குழுவின் மூன்று பெரியவர்கள். கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன, நான் தமிழாக்கிச் சொன்னேன்.

தன் உடம்புக்குள் எது போகிறது என்பதற்கு வீரரே முழுப் பொறுப்பு என்றார் தலைவர். மருந்தின் பெயரைக் கூடக் கேட்காமல் விழுங்குவது பெரும் அலட்சியம் என்றார். அதில் தப்புச் சொல்ல முடியாது. சாம்பியனுக்கு விலக்குக் கொடுத்தபோது இதே குழு வேறு மாதிரி எழுதியிருந்தது. டாக்டர் கொடுத்ததை நம்பிச் சாப்பிட்ட வீரரைக் குறை சொல்லக் கூடாதாம். மெடிக்கல் அண்ணாச்சியை நம்பிய இசக்கிக்கு அது பொருந்தவில்லை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கினால் நம்பிக்கை, காதில் பேனா சொருகியிருந்தால் அலட்சியம்.

எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. மொழிபெயர்க்க உட்கார்ந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால், அதே நாளில் அதே பந்தயத்தில் ஒருவர் அறிவிப்புக்குப் பிறகு அருவியில் குளித்து, முதல் சிறுநீரைத் தண்ணீரோடு விட்டாரே, அதைப் பற்றி ஒரு வரி அறிக்கை உண்டா என்று கேட்டேன். மூன்று பேரும் மைக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டார்கள். பிறகு தலைவர் மைக்கைப் போட்டார். "மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைப் பார்க்கவும். அருவி இந்த வழக்கில் ஒரு தரப்பு அல்ல."

இரண்டு வருடத் தடை. வேலைக்கான உத்தரவு அதற்கப்புறம் வரவே இல்லை.

தண்ணீரும் குற்றம்

அடுத்த வருடம் பந்தயம் வந்தபோது, தென்காசியில் மேடை போட்டு 'ஊக்கமருந்தைத் தொடமாட்டோம்' என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுத்தவர் சாம்பியன். நல்ல குரல். பிள்ளைகள் அழகாகத் திருப்பிச் சொன்னார்கள்.

இசக்கி குத்துக்கல்வலசைப் பக்கம் ரோட்டோரத்தில் கூட்டத்தோடு நின்றிருந்தான். பழைய அணிக்காரன் ஒருவன் நாக்கு வறண்டு கையை நீட்டியிருக்கிறான், இவன் கையிலிருந்த பாட்டிலைக் கொடுத்துவிட்டான். பின்னால் வந்த காரிலிருந்து என்னோடு ஆபீசர் இறங்கினார். பேரருவியே கண்ணில் படாதவருக்கு அரை லிட்டர் பாட்டில் நன்றாகத் தெரிந்தது. தடையில் இருப்பவர் எந்த வகையிலும் பந்தயத்தில் பங்கெடுக்கக் கூடாது, இன்னொரு முறை பார்த்தால் தடை நீளும் என்று எச்சரித்தார். தாகத்துக்குத் தண்ணீர்தானே சார் என்று நான் இழுத்தேன். "எனக்கும் இரக்கம் உண்டு சார். ஆனா ஒருத்தருக்கு வளைச்சா நாளைக்கு எல்லாரும் வளைக்கச் சொல்லுவாங்க."

காலை வேளையில் இரண்டு வீடு

தடையில் இருப்பவரையும் முன்னறிவிப்பில்லாமல் போய்ச் சோதிக்கலாம் என்று விதியில் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் விடிந்ததும் ஆபீசர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். சாம்பியன் பயிற்சிக்காக வந்து குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் தங்கியிருந்தார். முதலில் அங்கே போனோம். ஐயா தூங்குதாவ என்றார் வாட்ச்மேன். போன் அணைந்திருந்தது. ஆபீசர் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் பூச்செடிகளைப் பார்த்தார். நாம் வந்ததே அவருக்குத் தெரியாது, அதனால் இதை அவர் தவறவிட்ட சோதனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று காரில் ஏறும்போது எனக்கு விளக்கினார்.

வடகரையில் இசக்கி வீட்டுக் கதவை ஒரு தட்டுதான் தட்டினேன், திறந்துவிட்டது. இப்போதெல்லாம் தேங்காய் லோடு ஏற்றப் போகிறவன் அன்று போகவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றான். கண் சிவந்து கிடந்தது, இருமல் நெஞ்சைப் பிளந்தது. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. குப்பியை வாங்கிக்கொண்டு போய் நிரப்பிக் கொடுத்தான். மூன்று நாளாக இப்படித்தான், ஒரு காய்ச்சல் மாத்திரை கூடப் போட மாட்டேன் என்கிறார், நீங்களாவது சொல்லுங்கள் என்று செல்வி என்னிடம் அழுதாள்.

ஆபீசர் பேனாவைத் திறந்து, இந்த வாரத்தில் ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். காய்ச்சல் மாத்திரைக்கெல்லாம் தடை கிடையாது தம்பி, நானே பெயர் பார்த்து வாங்கி வருகிறேன், போட்டுக்கொள் என்று கெஞ்சினேன். மறுபடி ஓட்டலாம் என்ற நினைப்பு அவனுக்கு இன்னும் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தான். "வேண்டாம் அண்ணாச்சி. தடை முடியட்டும், காய்ச்சலை அப்புறமா பாத்துக்கிடுதேன்."

இத்தனை நாள் குப்பி ஏந்தியதில் நான் புரிந்துகொண்டது, ஊக்கமருந்துச் சட்டம் மிகக் கண்டிப்பானது, கதவைத் தட்டியதும் திறப்பவர்களிடம்.